ஒரு நாள் கல்லா ஐந்தொகை ஆகாது



நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி இலவச மருத்துவ முகாம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. காலை பத்து மணிக்குப் பந்தலில் டோக்கன் கொடுப்பார்கள். கையில் ஓர் ஊசி, ஒரு குப்பி இரத்தம், மாலைக்குள் ஒரு சீட்டு. சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். நல்ல தொண்டுதான். முன்னின்று நடத்தும் இளைஞர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகு நம் உறுப்பினர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. குறிப்பாக, ஏற்கெனவே இதய நோய் வந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பற்றி. 2016-ல் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட நானும் அந்த வரிசையில் ஒருவன் என்பதால் இதை எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முகாமில் நான் பார்ப்பது இதுதான். எண் குறைவாக வந்தால், "எல்லாம் நார்மல் ஆகிவிட்டது" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டி மகிழ்கிறோம். கூடுதலாக வந்தால் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. முதலாமவர் மாத்திரையை நிறுத்துகிறார். இரண்டாமவர் மருத்துவரைக் கேட்காமலே ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறார். இருவருமே ஒரு நாள் எண்ணை நம்பி முடிவெடுத்தவர்கள்.

எங்கள் பஜாரில் சில்லரை மளிகை நடத்திய ஒருவர், மாரடைப்பு வந்து பிழைத்தவர். முகாம் சீட்டில் கெட்ட கொழுப்பு 68 என்று வந்தது. கொழுப்பு மாத்திரையை அன்றோடு விட்டுவிட்டார். அந்த 68 மாத்திரை சாப்பிட்டதால் வந்த 68 என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த இடத்தில் ஆள் இல்லை. அடுத்த ஆண்டு முகாமுக்கு அவர் இல்லை. மாத்திரையை நிறுத்தியதால்தான் போனார் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அவர் மனைவி இன்று கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சீட்டுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் கல்லாவை எண்ணிப் பார்த்து வருஷ லாபம் இவ்வளவு என்று நம்மில் யாராவது எழுதுவோமா? அடைமழை நாளில் கல்லா காலியாக இருக்கிறது என்று கடையை மூடிவிடுவோமா? நாளேடு எழுதி, பேரேட்டில் ஏற்றி, வரவு செலவு பார்த்து, கடைசியில்தானே ஐந்தொகை போடுகிறோம்! உடம்புக் கணக்குக்கு மட்டும் ஒரு நாள் கல்லா போதும் என்று எப்படி நினைக்கிறோம்?

சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும்

இரத்தத்தில் சர்க்கரை ஒரே நிலையில் நிற்பதில்லை. சாப்பிட்டு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய் மெதுவாக இறங்கும். விடியற்காலையில், நாம் ஒன்றும் சாப்பிடாமலே, உடம்பில் சுரக்கும் சில நீர்களால் ஈரல் சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடும். இதனால்தான் இரவு குறைவாகச் சாப்பிட்டவருக்கும் காலையில் கூடுதலாகக் காட்டுகிறது. தூக்கக் குறைவு, காய்ச்சல், வசூலுக்குப் போன இடத்தில் வாய்த்தகராறு, எல்லாமே எண்ணை ஏற்றும். நன்றாக நடந்துவிட்டு வந்தால் இறங்கும்.

நோயே இல்லாதவருக்குக்கூட வெறும் வயிற்றுச் சர்க்கரை நாளுக்கு நாள் ஐந்தாறு சதவீதம் முன்பின் ஆகும். சர்க்கரை நோயாளிக்கு அதைவிடக் கூடுதல். என் நோட்டில் ஒரு வாரத்துக் கணக்கு: 112, 128, 119, 134, 116. அதே வீடு, அதே சாப்பாடு, அதே மாத்திரை. 112 வந்த நாளில் கொண்டாடி, 134 வந்த நாளில் பயந்திருந்தால் எனக்கு வேறு வேலையே நடந்திருக்காது. இந்தக் காரணத்தால்தான், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் 126-க்கு மேல் ஒரு தடவை வந்தால் மட்டும் நீரிழிவு என்று முத்திரை குத்தாமல், மறுபடியும் ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று மருத்துவர்கள் விதி வைத்திருக்கிறார்கள்.

இதிலே கருவியின் பங்கும் உண்டு. தராசுக்கு முத்திரை போடுவதுபோல, வீட்டில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டருக்கும் ஐ.எஸ்.ஓ. தர விதி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு விதிப்படி, சர்க்கரை 100-க்கு மேல் உள்ளபோது, நூற்றுக்கு 95 தடவை உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் காட்டினால் கருவி தேறிவிடும். அதாவது உண்மையில் 140 இருந்தால், கருவி 119 காட்டினாலும் 161 காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். தங்கக் கடைத் தராசு இதுவல்ல, மூட்டை போடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் தொழிலுக்கே உரியது. வெல்லம் சர்க்கரை அளந்த கையோடு விரலைக் குத்தினால், விரலில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்து எண் பொய்யாக ஏறும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும்.

இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தை எல்லாம் சேர்த்து ஐந்தொகை போட்டுக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. எச்.பி.ஏ.1.சி. என்பார்கள். "மூன்று மாத சர்க்கரை" என்று லேப்களில் சொல்வதும் இதுதான். இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அந்த நாட்களில் சர்க்கரை அதன்மீது ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 7 என்று வந்தால் சராசரி ஏறத்தாழ 154. 8 என்று வந்தால் ஏறத்தாழ 183. முந்தின நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. இரத்தசோகை உள்ளவருக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்கும் மட்டும் இது தவறாகக் காட்டலாம். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கொழுப்பின் கணக்கு

கொழுப்பும் அப்படித்தான். மொத்தக் கொலஸ்ட்ரால் ஒருவருக்கு நாளுக்கு நாள் 6 சதவீத அளவில் முன்பின் ஆகும். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்போ 20 சதவீத அளவில் ஆடும். நேற்று 150 இருந்தது இன்று 180 ஆனால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எண்ணெய்ச் சாப்பாடு, மது, இனிப்பு எல்லாம் இதை ஏற்றும். சாப்பிட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் உச்சிக்குப் போகும். முழுதும் இறங்க எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவு பத்தரைக்குக் கடை சாத்தி, பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டவர், காலை ஏழு மணிக்கு "வெறும் வயிற்றில் வந்திருக்கிறேன்" என்று கை நீட்டுகிறார். எட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது!

அடுத்து ஒரு கழித்தல் கணக்கு. நமக்கு இது எளிதில் புரியும். எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பைப் பல லேப்கள் நேரே அளப்பதில்லை. 1972-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்வால்ட் என்பவரும் உடனிருந்தவர்களும் சொன்ன கணக்கைப் போட்டு எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிஞ்சுவது எல்.டி.எல். மொத்தம் 180, எச்.டி.எல். 40, ட்ரைகிளிசரைடு 150 என்றால், 180-லிருந்து 40-ம் 30-ம் போக மிச்சம் 110. அதே ஆள் முந்தின இரவு விருந்து சாப்பிட்டு ட்ரைகிளிசரைடு 250 ஆகிவிட்டது, மற்ற இரண்டும் மாறவில்லை என்று வையுங்கள். 180-லிருந்து 40-ம் 50-ம் போக மிச்சம் 90. விருந்து சாப்பிட்டவருக்குக் கெட்ட கொழுப்பு இருபது குறைந்ததாகச் சீட்டு சொல்கிறது! செலவைக் கூட்டி எழுதினால் லாபம் குறைந்து தெரிவது போலத்தான். ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கே செல்லாது.

இதற்கு எளிய மாற்று உண்டு. மொத்தத்தில் எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டு நாளிலும் 140 என்றே வரும். கெட்டது அத்தனையும் சேர்ந்த தொகை அது. சாப்பிட்டிருந்தாலும் அதிகம் மாறாது. 2016-ல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள், கொழுப்புப் பரிசோதனைக்கு எல்லோரும் பட்டினியோடு வரத் தேவையில்லை என்றே சொல்லிவிட்டன. சாப்பிட்ட நிலையில் ட்ரைகிளிசரைடு 440-க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். 1979-லேயே டொனால்டு ஸில்வர்ஸ்மிட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவதற்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய மணி நேரங்களையும் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். யோசித்தால் சரிதான். நம்மில் யார் நாள் முழுவதும் வெறும் வயிற்றோடு இருக்கிறோம்?

இதய நோயாளிகள் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு. முதலாவது, மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுத்த சீட்டு. மாரடைப்புக்கு ஒரு நாள் கழித்துக் கெட்ட கொழுப்பு தானாகவே இறங்கத் தொடங்கிச் சில வாரங்கள் இறங்கியே இருக்கும். சர்க்கரையோ அந்த அதிர்ச்சியில் ஏறும். ஆகவே அந்தச் சமயத்துக் கணக்கை வழக்கமான கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, சீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் "நார்மல்" அளவு. அது பொதுவாக எல்லோருக்கும் போட்டது. 2019-ல் ஐரோப்பிய இதய மருத்துவர்கள், ஏற்கெனவே இதய இரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். 95 என்று வந்து ஓரத்தில் நார்மல் என்று இருந்தால், அது பக்கத்து வீட்டுக்காரருக்கு நார்மலாக இருக்கலாம். நமக்கு அல்ல.

ஆட்டத்தின் விலை

எண் ஆடினால் ஆடட்டும், என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கொழுப்பைப் பொறுத்தவரை ஒரு பெரிய ஆதாரம் இருக்கிறது. இதய நோய் உள்ள பத்தாயிரம் பேருக்குக் கொழுப்பு மாத்திரை கொடுத்து நடத்திய டி.என்.டி. என்ற ஆய்வின் விவரங்களை 2015-ல் மறுபடி அலசினார்கள். ஒவ்வொரு தடவை பரிசோதனைக்கு வரும்போதும் யாருடைய கெட்ட கொழுப்பு மிகவும் ஏறி இறங்கியதோ, அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எல்லாமே கூடுதலாக இருந்தன. சராசரி அளவைக் கழித்துப் பார்த்த பிறகும் இது தெரிந்தது. ஏற்ற இறக்கமே கெடுத்ததா, அல்லது மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்கள் அதில் அதிகமா என்று இந்த ஒரு கணக்கால் பிரிக்க முடியாது. எப்படியிருந்தாலும் நமக்குப் பாடம் ஒன்றுதான். கொழுப்பு மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு பழைய இடத்துக்கு ஏறிவிடும். விட்டு விட்டுச் சாப்பிடுவது கூடாது.

சர்க்கரையில் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. மாரடைப்பு வந்த 1,115 நீரிழிவு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரையையும் மற்றவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் குறிவைத்து இன்சுலின் கொடுத்தார்கள். 2009-ல் முடிவு வந்தபோது இதயத்தைப் பொறுத்து இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதற்கு முன், 2008-ல், அக்கார்டு என்ற அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கடுமையாக இறக்கும் சிகிச்சையை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இறக்கிய பிரிவில் மரணம் கூடியதே காரணம். ஆகவே ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் கூட்டிக்கொள்வது, குறைத்துக்கொள்வதைப் போலவே ஆபத்து.

நம் தொழிலில் சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதில்தான் எனக்குப் பயம். மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு, லோடு வந்துவிட்டது என்று மத்தியானச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளுகிறோம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, தலை கிறுகிறுப்பு, கணக்கில் தடுமாற்றம் வந்தால், முடிந்தால் குத்திப் பாருங்கள். முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மளிகைக் கடையில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் இருக்கும் வேலையாளுக்கு இதைச் சொல்லி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. இதய நோய்க்கும் வியர்வை வரும் என்பதால், நெஞ்சில் அழுத்தமும் சேர்ந்திருந்தாலோ, இனிப்புக்குப் பிறகும் தெளியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சஷ்டி, ஏகாதசி, ரமலான், தவக்காலம் என்று நம் உறுப்பினர்கள் அவரவர் முறைப்படி விரதம் இருக்கிறோம். விரதத்தை விடச் சொல்லவில்லை. தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

முகாம் எப்படி இருக்க வேண்டும்?

இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியிட்டது. நம் சங்கத்திலும் கடைக்கு ஒருவர் இருப்பார் போலிருக்கிறது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் அடிப்படையே, நோயாளியை ஒரு தடவை பார்த்து விட்டுவிடாமல் வீடு தேடித் தொடர்ந்து மாத்திரை கொடுப்பதுதான். நம் முகாமும் அந்த வழியில் மாற வேண்டும் என்பது என் கருத்து. சங்க நிர்வாகிகளின் யோசனைக்கு ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன்.

1. சீட்டுக்குப் பதில் நோட்டு கொடுக்க வேண்டும். நாள், மணி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மாத்திரை போட்டதா இல்லையா, எண் என்று கட்டம் போட்டிருந்தால் போதும். கடை நாளேட்டைப் போலவே அதையும் எழுதிவர வேண்டும்.

2. ஆண்டுக்கு ஒரு முகாம் என்பதை இரண்டு ஆக்க வேண்டும். இதய நோயாளிகளுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் எச்.பி.ஏ.1.சி. சேர்க்க வேண்டும். பந்தலுக்கும் சால்வைக்கும் ஆகும் செலவைக் குறைத்தால் பணம் கிடைக்கும்.

3. காலை ஏழு மணிக்கே தொடங்க வேண்டும். முந்தின இரவு எட்டு மணிக்குள் சாப்பிடச் சொல்லி உறுப்பினர்களுக்குத் தகவல் போக வேண்டும். அன்று கடையைச் சற்று முன்னதாகச் சாத்தினால் தப்பில்லை. வந்தவர்களைக் கால் மணி நேரம் உட்கார வைத்து இரத்தம் எடுக்க வேண்டும். படுத்திருப்பது, நிற்பது என்ற நிலைகூடக் கொழுப்பு எண்ணைப் பத்து சதவீதம் வரை மாற்றும்.

4. எடுத்த இரத்தத்தை வெயிலில் வைத்திருக்கக் கூடாது. குப்பியில் இருக்கும்போதே இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். பிரிக்காமல் வைத்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். நம் பாஷையில் இது சேதாரம். மூன்று மணி நேரம் பந்தலில் கிடந்த குப்பி, 140-ஐ 115 என்று காட்டக்கூடும். அந்தச் சேதாரத்தைப் பார்த்துத்தான் சிலர் நார்மல் என்று மகிழ்கிறார்கள்.

5. எண்ணை மைக்கில் வாசிக்கவும் வேண்டாம், பந்தலில் கூவவும் வேண்டாம். ஒரு மருத்துவர் தனியே உட்கார்ந்து, பழைய நோட்டையும் புது எண்ணையும் சேர்த்துப் பார்த்து இரண்டு நிமிஷம் பேச வேண்டும். "மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்ற ஒரு வார்த்தையையாவது ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பெரிய லேபில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டுமே என்று சில நண்பர்கள் சொல்வார்கள். வசதி உள்ளவர்கள் போவார்கள். தள்ளுவண்டியில் தொடங்கி ஒரு சிறு பெட்டிக்கடை வரை வந்திருக்கும் உறுப்பினருக்கு நம் முகாம்தான் வருஷத்தில் ஒரே பரிசோதனை. அவர் கையில் கொடுக்கும் எண் சரியான எண்ணாகவும், அதன் பொருள் அவருக்குப் புரிந்ததாகவும் இருக்க வேண்டும். எடை குறைந்த சரக்கை நாம் யாருக்கும் போடுவதில்லை. இலவசம் என்பதற்காக இதில் மட்டும் போடலாமா?

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர், செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் 200 நோட்டுகளின் அச்சுச் செலவு என் கடையைச் சேர்ந்தது. முதல் நோட்டை எங்கள் பஜாரில் நான் மேலே சொன்ன அந்த மளிகைக் கடைக்குக் கொடுக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கும் இப்போது சர்க்கரை இருக்கிறது.